ஒரு ஊர்ல, ஒரு காலத்துல

அக்கா மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், ஆங்கில வழியில். காலாண்டு விடுமுறைக்கு எலவனாசூர்கோட்டைக்கு வந்தவளிடம் பள்ளியில் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு கதை கேட்டு, அதை ஆங்கிலத்தில் பத்து வரிக்குள் எழுதிக்கொண்டு போக வேண்டும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து அம்மா ஆரம்பித்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்."

"எந்த ஊரு ஆயா?"

"நம்ம ஊருன்னே வச்சிக்கயேன். உம் கொட்டு மொதல்ல."

மறுநாள் காலையில் நோட்டை எட்டிப் பார்த்தேன். முதல் வரி இப்படி இருந்தது: 'ஒன்ஸ் அப்பான் எ டைம் தேர் வாஸ் எ கிங்.' ராஜா இருந்தான். ஊரைக் காணோம்.

"பாப்பா, ஆயா ஒரு ஊர்லன்னு சொன்னுச்சே, அந்த ஊரு எங்க?"

"இங்கிலீஷ்ல கதை இப்படித்தான் மாமா ஆரம்பிக்கும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் வயதில் எனக்கும் தமிழய்யா கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். கட்டுரை நோட்டில் 'ஒரு ஊரில்' என்று எழுதியதற்குச் சிவப்பு மையால் சுழித்து 'ஓர் ஊரில்' என்று திருத்தினார். அடுத்த கதையில், வம்பு வேண்டாம் என்று பாடப்புத்தகத்தைப் பார்த்து 'முன்னொரு காலத்தில்' என்று எழுதினேன். முழு மதிப்பெண் போட்டார். ஊரை விட்டுவிட்டுக் காலத்தைப் பிடித்துக்கொண்டால் பிழை வராது என்பது அன்று நான் கற்றுக்கொண்ட இலக்கணம். அதில் என்ன போயிற்று என்று யோசிக்க எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

*

'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்ற தொடரைச் சொல் சொல்லாகப் பிரித்தால் விநோதமாக இருக்கும். 'ஒருமுறை, ஒரு பொழுதின் மேல்' என்று வரும். இன்றைய ஆங்கிலத்தில் யாரும் வேறு எங்கேயும் பொழுதின் 'மேல்' எதையும் வைப்பதில்லை. புழங்கு மொழியில் செத்துப்போன ஒரு வேற்றுமை, கதையின் வாசற்படியில் மட்டும் உயிரோடு நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இதன் முன்வடிவங்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. அன்றைக்கு அது ஒருநாள் நடந்த எதையும் சொல்லப் பயன்பட்ட சாதாரணத் தொடர்தான். பழைய மொழி போல ஒலிக்க ஆரம்பித்த பிறகுதான் அதற்கு மந்திரம் ஏறியது.

ஐரோப்பாவில் வாய்மொழிக் கதைகள் அச்சுக்குப் போனபோது அந்த மந்திரம் கெட்டிப்பட்டது. 1697-இல் பிரான்சில் சார்ல் பெரோ வெளியிட்ட தொகுப்பின் தலைப்பிலேயே 'கடந்த காலத்துக் கதைகள்' என்ற பொருள் இருக்கிறது. சிண்ட்ரெல்லாவும் சிவப்புத் தொப்பிக்காரியும் அதில்தான் அச்சேறினார்கள். 1812-இல் கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் தொகுப்பு வந்தது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் கதை தொடங்கும் வாய்பாடு 'ஒருமுறை இருந்தது' என்பதுதான். ஊர், நாடு, திசை எதுவும் தேவையில்லை. 'ஒருமுறை' என்பது போதும்.

இந்த வாய்பாடு செய்யும் வேலை என்ன? அது ஒரு தாழ்ப்பாள். ஓநாய் பாட்டியை விழுங்கும், சித்தி குழந்தைகளைக் காட்டில் விடுவாள், ஆனால் இதெல்லாம் அப்போது. இப்போது நீ கம்பளிக்குள் பத்திரமாக இருக்கிறாய். நடந்ததற்கும் கேட்பவருக்கும் நடுவே காலத்தைச் சுவராக எழுப்புகிறது. அந்தச் சுவர் இருப்பதால்தான் எவ்வளவு கொடூரத்தையும் சொல்ல முடிகிறது. குழந்தைக்கு அது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் பெரியவர்களும் அதே தாழ்ப்பாளைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

*

தமிழ்ப் பேச்சில் 'ஒரு காலத்துல' என்ற தொடர் இல்லாமல் இல்லை. தினமும் காதில் விழுவதுதான். ஆனால் கதை தொடங்க அதை யாரும் சொல்வதில்லை. 'ஒரு காலத்துல ஓகோன்னு வாழ்ந்த குடும்பம்' என்போம். 'ஒரு காலத்துல இந்த ஏரி மார்கழி வரைக்கும் வத்தாது' என்போம். வாழ்ந்து கெட்டதைச் சொல்லும் தொடர் அது. சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு வரும், கதை வராது.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது 'ஒருகால்' என்ற சொல். கால் என்றால் இங்கே பொழுது, தடவை. 'ஒருகால்' என்பதை நேராக ஆங்கிலமாக்கினால் அந்த 'ஒன்ஸ்' தான் கிடைக்க வேண்டும். ஆனால் தமிழில் அதற்கு 'ஒருவேளை', 'இருந்தாலும் இருக்கலாம்' என்ற பொருள் நிலைத்துவிட்டது. 'ஒருவேளை' என்பதன் கதையும் அதுவே. வேளை என்றால் நேரம். ஒரு நேரம் என்று சொல்லப்போய் 'நிச்சயமில்லை' என்று பொருள் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்றால் முடிந்துபோனது. தமிழில் 'ஒருகால்' என்றால் இனியும் நடக்கலாம்.

அப்படியானால் ஆங்கிலம் காலத்தைக் கொண்டு செய்யும் வேலையைத் தமிழ்க் கதை எதைக் கொண்டு செய்கிறது? அம்மாவின் வாக்கியத்தில் விடை இருக்கிறது. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்.' கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆம்'. நான் பார்க்கவில்லை, சொன்னார்கள், நானும் சொல்கிறேன் என்று கைகழுவும் விகுதி. பொய்க்கும் மெய்க்கும் நடுவே கதையை நிறுத்துவது அந்த ஒற்றை அசைதான். அது கதையைப் பழையதாக்குவதில்லை. 'பக்கத்துத் தெருவுல நேத்து திருடன் வந்தானாம்' என்பதிலும் இதே 'ஆம்' தான். ராஜாவும் நேற்று வந்த திருடனும் ஒரே இலக்கணத்தில் இருக்கிறார்கள்.

'முன்னொரு காலத்தில் அரசன் ஒருவன் வாழ்ந்து வந்தான்' என்ற பாடப்புத்தக வாக்கியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர் போயிற்று. 'ஆம்' போயிற்று. வாழ்ந்து வந்தான் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டாயிற்று. கதை கேட்கும் குழந்தை குறுக்கே நுழைய ஒரு சந்து இல்லை. 'எந்தக் காலத்துல?' என்று எந்தக் குழந்தையும் கேட்டு நான் பார்த்ததில்லை. 'எந்த ஊர்ல?' என்று கேட்காத குழந்தையையும் பார்த்ததில்லை.

*

இதை வைத்துக்கொண்டு 'ஐரோப்பியன் காலத்தில் வாழ்கிறான், தமிழன் நிலத்தில் வாழ்கிறான்' என்று முழங்கிவிடலாம். அப்படி முழங்கும் கட்டுரைகளைப் படித்துச் சலித்துவிட்டது. உண்மை அவ்வளவு வசதியாக இல்லை. ருஷ்ய நாட்டுப்புறக் கதைகளின் புகழ்பெற்ற தொடக்க வாய்பாடுகளில் ஒன்று 'ஏதோ ஒரு ராஜ்ஜியத்தில், ஏதோ ஒரு நாட்டில்' என்பது. ஸ்பெயினின் மகத்தான நாவலான 'தோன் கிகோத்தே', பெயரை நினைவுகூர விரும்பாத ஓர் ஊரில்தான் தொடங்குகிறது. இந்தப் பக்கம் வந்தால், மலையாளத்தில் 'பண்டு பண்டு' என்று காலத்தை வைத்துத் தொடங்குவதே அதிகம். தெலுங்கில் 'அனகனகா' என்று சொல்லிவிட்டு உடனே 'ஒக ஊரிலோ' என்று ஊருக்கு வந்துவிடுகிறார்கள். பாலி மொழியின் ஜாதகக் கதைகளில் காலம், காசி, பிரம்மதத்தனின் ஆட்சி மூன்றும் சேர்ந்து வரும்.

சமஸ்கிருதப் பஞ்சதந்திரம் இன்னும் சுவாரசியம். அதன் கதைகள் பல 'அஸ்தி' என்று ஆரம்பிக்கும். 'இருக்கிறது' என்று பொருள். இருந்தது இல்லை, இருக்கிறது. தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்று ஒரு நகரம் இருக்கிறது என்றுதான் அந்த நூல் நம்மை உள்ளே கூப்பிடுகிறது. ராஜா செத்திருக்கலாம், சிங்கமும் எருதும் செத்திருக்கலாம். ஊர் இருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்.

ஏ.கே. ராமானுஜன் 1989-இல் எழுதிய ஒரு கட்டுரையில், சூழலைச் சார்ந்தே எதையும் பொருள்கொள்ளும் மனப்பாங்கை இந்தியச் சிந்தனையின் இயல்பாகச் சொன்னார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் சங்க அகத்திணையும் ஒன்று. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது இரண்டை: நிலம், பொழுது. இரண்டையும் பிரிக்காமல் வைத்தது பெரிய விஷயம். அதைவிட முக்கியம், அந்தப் பொழுது கடந்துபோன பொழுது இல்லை. முல்லைக்குக் கார்காலமும் மாலையும். குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும். எல்லாம் திரும்பத் திரும்ப வருபவை. நிலத்தோடு கட்டிப்போட்ட காலம் முடிந்துபோவதில்லை. அடுத்த ஐப்பசியில் மறுபடி வந்து நிற்கும்.

*

ஊரை முதலில் சொன்னால்தான் காலத்தைச் சொல்ல முடியும் என்பதை எனக்கு ஊர்தான் காட்டியது.

எலவனாசூர்கோட்டை உளுந்தூர்பேட்டைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே, சேலம் போகும் சாலையில் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்களுக்குக் கண்ணில் படாத ஊர். கல்வெட்டில் இதன் பெயர் இறையானரையூர். கோயில் சுவரில் சோழர் காலம் தொட்டு எழுத்துகள் இருக்கின்றன. சிறுவனாக அந்தச் சுவரோரம் ஒளிந்து விளையாடியபோது அது கிறுக்கல். பின்னால் படிக்கப் பழகியபோது ஒன்று தெரிந்தது. சோழர் கல்வெட்டுகள் காலத்தைச் சொல்லித்தான் தொடங்குகின்றன: மங்கலச் சொல், மெய்க்கீர்த்தி, இன்ன மன்னனுக்கு யாண்டு இத்தனையாவது. என் வாதம் அங்கேயே உடைந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்தால் உடையவில்லை. யாண்டு என்பது அந்த மன்னன் பட்டமேறியதிலிருந்து எண்ணுவது. சோழனின் பத்தாம் ஆண்டு பாண்டியனுக்கு வேறு எண். எல்லை தாண்டினால் வருடம் மாறிவிடும். எந்த மண்ணில் நிற்கிறாய் என்று தெரியாமல் அந்தக் காலத்தைப் படிக்கவே முடியாது.

அந்தக் கல்வெட்டுகள் முடிவது இன்னும் அழகு. சந்திரனும் சூரியனும் உள்ளவரை இந்தத் தர்மம் நடக்க வேண்டும் என்று முடியும். ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுப்பது சோழர் கால வழக்கம். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாவதில்லை, கிழடாவதில்லை, குட்டிகள் வந்து எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே இருக்கும். நம் ஆட்கள் காலத்தை எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு அந்த ஆடுகளே சாட்சி.

இந்தக் கோயில் இறைவனின் கல்வெட்டுப் பெயர் ஊர்பாகங் கொண்டருளிய மகாதேவர். ஊரில் பாகத்தைத் தனதாக்கிக்கொண்டவர். வடமொழியில் கிராமார்த்தநாதர். இன்று ஊரில் யாரைக் கேட்டாலும் அர்த்தநாரீஸ்வரர் கோயில் என்றுதான் சொல்வார்கள். அர்த்தம், அதாவது பாதி, அப்படியே இருக்கிறது. கிராமம் கழன்று விழுந்துவிட்டது. ஊரில் பாதி கொண்டவர் உடலில் பாதி கொடுத்தவராகிவிட்டார். பாப்பாவின் நோட்டில் நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கிறது.

காலம் ஊருக்கு ஊர் வேறு என்பது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1906 ஜனவரி 1-இல் இந்தியாவுக்குப் பொது நேரம் வரும்வரை ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. கல்கத்தாவும் பம்பாயும் அதற்குப் பிறகும் பல வருடம் தம் சொந்த நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதுவாவது கடிகார முள் சங்கதி. எங்கள் ஊரிலிருந்து மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆதிக்கம் 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. நாடு 1947-இல் விடுதலை அடைந்தது என்று கீழே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, மேலே மலையாளி மக்கள் ஜாகிர்தாருக்குக் கீழேதான் இருந்தார்கள். 1960 என்றால் என்ன காலம்? மலையடிவாரத்தில் ஐந்தாண்டுத் திட்டம். மலைமேல் ஜாகிர். 'முன்னொரு காலத்தில் ஜாகிர்தார்கள் இருந்தார்கள்' என்று எழுதினால் அது தவறான வாக்கியம். எந்த ஊரில் என்று கேட்டால்தான் உண்மை வரும்.

*

நவீனத் தமிழ்ப் புனைவு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டே தொடங்கியது என்று நினைக்கிறேன். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் முக்கில் தொடங்குகிறது. கடவுளே வந்தாலும் எந்த முக்கில் வந்தார் என்று சொல்லியாக வேண்டும் அவருக்கு. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் வந்தது. குளம் போய்ச் சாலை வந்து, சாலையோரம் கடை வந்து, கடையோடு அரசியலும் வந்ததை ஒரு மரம் நின்ற இடத்தை வைத்தே சொன்ன நாவல். வரலாறு அங்கே ஒரு முச்சந்தியின் வயது.

எங்கள் நடுநாட்டிலிருந்து எழுந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தபோது அதில் வருடக் கணக்கு தேடியவர்கள் ஏமாந்திருப்பார்கள். ஊர்ச்சோறு எடுத்தும் களத்தில் தானியம் வாங்கியும் பிழைக்கும் வண்ணாத்தி ஆரோக்கியத்துக்குக் காலம் என்பது கைக்கு வரும் தானியம் குறைந்துகொண்டே போவது. நாட்காட்டி அவளுக்கு எதையும் சொல்வதில்லை. மரக்கால் சொல்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது நம் வெகுஜன வரலாற்றுப் புனைவுகளில் ஒரு பெரும்பகுதி. குதிரை, சுரங்கப்பாதை, சதி எல்லாம் இருக்கும். ஊர்ப் பெயர்கள்கூட நிறைய இருக்கும். ஆனால் அந்த ஊரில் யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் நடக்கக்கூடாது என்பது இருக்காது. பொற்காலம் என்று ஒரு மூடி போட்டாயிற்று. அதுவும் 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' தான், தமிழ் எழுத்தில்.

பெரிய அநீதிகளை நாம் எப்படி நினைவு வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். அமெரிக்காவில் செப்டம்பர் 11 என்று தேதியால் சொல்கிறார்கள். நாம் வெண்மணி என்கிறோம். வாச்சாத்தி என்கிறோம். மேலவளவு என்கிறோம். 1968, 1992, 1997 என்ற வருடங்கள் பலருக்கு உடனே நினைவுக்கு வராது. ஊர்ப்பெயர் சொன்னால் போதும், எதிரே இருப்பவர் முகம் மாறும். தேதி வருடத்துக்கு ஒருமுறை வந்து போகும். ஊர் அங்கேயே இருக்கிறது. அதன் வழியாகப் பேருந்து போகிறது.

*

அந்த விடுமுறையின் கடைசி ராத்திரி பாப்பா மறுபடி கதை கேட்டாள். அம்மா அன்றைக்கு ராஜா கதை சொல்லவில்லை. ஏனோ தன் சின்ன வயதைச் சொன்னாள்.

"கெணத்து மேட்டுக்குக் கீழ வரிசையா நிப்பாங்க, கொடத்த வச்சிக்கிட்டு. அவங்க சேந்தக்கூடாது. யாராவது சேந்தி ஊத்துனாத்தான் தண்ணி. எங்கப்பா ஊத்துவாரு. கொடத்துல வாளி படாம, ஒசரத் தூக்கி. பாதி தண்ணி மண்ணுல போயிடும்."

பெரியப்பா நாற்காலியில் இருந்தார். "அதெல்லாம் ஒரு காலத்துல. கொழந்தகிட்ட என்னத்துக்கு இப்ப அது" என்றார்.

அம்மா பேச்சை நிறுத்தினாள். பெரியப்பா சொன்னால் நிறுத்துகிற வழக்கம்தான். பாப்பாவுக்கு அது தெரியாது. கதை பாதியில் நிற்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"எந்த ஊர்ல ஆயா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மா, பெரியப்பா பக்கம் பார்க்காமலேயே சொன்னாள்: "நான் பொறந்த ஊர்லதான்டி. அந்தக் கெணறு இன்னும் இருக்குது."

முதல் ராத்திரி ராஜா கதைக்குக் கேட்ட அதே கேள்வி. 'ஒரு காலத்துல' என்று பெரியப்பா போட்ட தாழ்ப்பாளை ஒன்பது வயதுக்கு உட்பட்ட ஒருத்தி தெரியாமலே எடுத்துவிட்டாள். காலத்தைப் பற்றி அவளுக்கு அக்கறையில்லை. இடம் கேட்டாள். இடம் கேட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: அங்கே இப்போது யார் தண்ணீர் எடுக்கிறார்கள்?

அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. தூங்கிவிட்டாள். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது இதை எழுதும்போதுகூட அம்மா பிறந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். சொந்தக்காரர்கள் படிப்பார்கள், தாத்தாவைப் பற்றித் தப்பாகப் பேசுவதாக நினைப்பார்கள் என்று பல காரணங்கள். 'ஒரு ஊர்ல' என்பதில் இருக்கும் 'ஒரு' கூட நன்றாகவே ஒளித்துவைக்கும் என்று இதை எழுதித்தான் தெரிந்துகொள்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். 'ஒரு காலத்துல' என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். 'ஒரு ஊர்ல' என்று சொன்னால் யாராவது ஒருத்தர், என்றைக்காவது, எந்த ஊரு என்று கேட்பார்.

ஊருக்குக் கிளம்பும் முன் பாப்பா நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் வரியை அடித்திருந்தாள்.

"மாமா, ஊருக்கு இங்கிலீஷ்ல என்ன? வில்லேஜா, டவுனா?"

எலவனாசூர்கோட்டை இரண்டுமில்லை. தென்னார்க்காட்டில் இருந்தது, 1993-இல் விழுப்புரமானது, 2019-இல் கள்ளக்குறிச்சியானது. எதில் இருந்தபோதும் எங்களுக்கு ஊர்தான்.

"ஊருன்னே எழுது" என்றேன்.

"மிஸ் எந்த ஊருன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும்."